நாமா, நாங்களா

சென்ற ஆண்டு, எங்கள் வாசிப்பு வட்டத்தின் சிறு தொகுப்பொன்றுக்காக, அமெரிக்க அரசியல் மேடைகளில் நிகழ்த்தப்பட்ட உரைகள் சிலவற்றைத் தமிழில் பெயர்க்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். தேசிய ஒற்றுமை என்ற பேச்சும் கறுப்பின அடையாளமும் ஒன்றையொன்று உரசிக்கொள்ளும் இடங்களாகப் பார்த்து உரைகளைத் தேர்ந்திருந்தோம். அடிமைமுறை தொடர்பான சட்டச் சொற்களும், விவிலிய மேற்கோள்களும், அந்நாட்டுக் கட்சி மாநாட்டு நடைமுறைகளும்தாம் என்னைத் திணறடிக்கும் என்று எண்ணியிருந்தேன். அவையெல்லாம் அகராதியாலும் பொறுமையாலும் ஒருவாறு தீர்ந்துவிட்டன. கடைசி வரை தீராமல் நின்றது ஆங்கிலத்தின் மிகச் சிறிய சொற்களுள் ஒன்றான ‘வீ’.

தமிழில் அதற்கு இரண்டு சொற்கள் உண்டு. கேட்பவரையும் உளப்படுத்திச் சொன்னால் ‘நாம்’. அவரை விலக்கிச் சொன்னால் ‘நாங்கள்’. பேசத் தொடங்கிய குழந்தைகூட இதில் தவறுவதில்லை. வீட்டுக்கு வந்தவரிடம் ‘நாம் சாப்பிடலாம்’ என்பதற்கும் ‘நாங்கள் சாப்பிடப் போகிறோம்’ என்பதற்கும் உள்ள தொலைவை எந்தத் தமிழருக்கும் விளக்க வேண்டியதில்லை. இரண்டாவதைக் கேட்டவர் செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவார். ஆங்கிலத்துக்கு இப்படித் தேர்ந்தெடுக்கும் கட்டாயம் கிடையாது. பேசுபவர் ஒன்றை நினைத்துக்கொண்டும் கேட்பவர் மற்றொன்றை நினைத்துக்கொண்டும் ஒரே வாக்கியத்தின் கீழ் அமர்ந்து கைதட்டலாம். இரு நூற்றாண்டு கால அமெரிக்க ஒற்றுமைப் பேச்சு பெரும்பகுதியும் இந்த மறைப்பில்தான் குடியிருந்திருக்கிறது என்பதை, ஒவ்வொரு வரியிலும் நாமா நாங்களா என்று முடிவெடுக்க நேர்ந்தபோதுதான் கண்டுகொண்டேன்.

முதலில் எடுத்தது எளிதானது. 2004 ஜூலை 27 அன்று பாஸ்டனில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில், அப்போது இல்லினாய் மாநில மேலவை உறுப்பினராக மட்டுமே இருந்த பராக் ஒபாமா ஆற்றிய உரை அது. தாராளவாத அமெரிக்கா என்றும் பழமைவாத அமெரிக்கா என்றும் தனித்தனியே இல்லை, அமெரிக்க ஐக்கிய நாடுதான் உண்டு என்று சொன்னவர், அடுத்த மூச்சில் கறுப்பு அமெரிக்கா, வெள்ளை அமெரிக்கா, லத்தீன் அமெரிக்கா, ஆசிய அமெரிக்கா என எதுவும் தனியாக இல்லை என்றார். ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்கும் நீல மாநிலங்களிலும் நாம் மகத்தான இறைவனை வழிபடுகிறோம், குடியரசுக் கட்சிக்கு வாக்களிக்கும் சிவப்பு மாநிலங்களிலும் நம் நூலகங்களை அரசு முகவர்கள் துழாவுவது நமக்குப் பிடிப்பதில்லை என்று அடுக்கிக்கொண்டே போனார். அந்த உரையில் எல்லா இடங்களிலும் ‘நாம்’ என்றே எழுதிச் சென்றேன். பேனா ஓரிடத்திலும் நிற்கவில்லை. அது நிற்காமல் ஓடியதே எனக்கு முதல் ஐயத்தை உண்டாக்கியது. நகர்ப்புறக் கலவரங்களை ஆராய நியமிக்கப்பட்ட கெர்னர் ஆணையம் 1968-இல், நம் நாடு ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை என இரண்டு சமூகங்களாக, பிரிந்தும் சமமின்றியும் போய்க்கொண்டிருக்கிறது என்று எழுதியது. முப்பத்தாறு ஆண்டுகளில் அது பொய்யாகிவிட்டதா என்று கேட்டால், பாஸ்டன் அரங்கில் இருந்தவர்களே ஆமென்று சொல்லியிருக்க மாட்டார்கள். அப்படியானால் ஒபாமா சொன்னது செய்தியா, வேண்டுதலா? இலக்கணப்படி அது செய்தி. கேட்ட பலரும் அதைச் செய்தியாகவே எடுத்துக்கொண்டார்கள் என்பதில்தான் பின்னாளைய சிக்கல் எல்லாம் இருந்தது.

அந்த ‘நாம்’ எங்கிருந்து வருகிறது என்று பின்னோக்கித் தேடினால் 1787-இல் எழுதப்பட்ட அரசியலமைப்பின் முதல் மூன்று சொற்களுக்குப் போய்ச் சேர்கிறோம். ‘வீ த பீப்பிள்’ என்பது மக்களாகிய நாமா, மக்களாகிய நாங்களா? மொழிபெயர்ப்பாளரின் வீண் கவலை என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஏனெனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 1857-இல் ஏறத்தாழ இதே கேள்வியை எடுத்துக்கொண்டு விடை சொன்னது. அடிமைத்தளையிலிருந்து தம்மை விடுவிக்கக் கோரி ட்ரெட் ஸ்காட் தொடுத்த வழக்கில் தலைமை நீதிபதி ரோஜர் டானி, ‘ஐக்கிய நாட்டு மக்கள்’ என்பதும் ‘குடிமக்கள்’ என்பதும் ஒரே பொருளைத் தருவன என்றும், ஆப்பிரிக்க வழிவந்தோர் அச்சொல்லுள் அடங்கவில்லை, அடங்க வேண்டும் என்று கருதப்படவும் இல்லை என்றும் எழுதினார். தமிழில் சொன்னால், அரசியலமைப்பில் இருப்பது ‘நாங்கள்’ என்பதே தீர்ப்பு.

அதே ஆண்டு மே மாதத்தில் ஃபிரெடரிக் டக்ளஸ் அந்தத் தீர்ப்பைக் குறித்து நியூயார்க்கில் பேசினார். அந்த உரையில், நான் திரும்பத் திரும்பப் படித்த ஒரு பகுதி இருக்கிறது. மக்களாகிய நாம் என்றுதான் எழுதியிருக்கிறது; வெள்ளையராகிய நாம் என்று எழுதவில்லை, வாக்குரிமை உள்ள நாம் என்று எழுதவில்லை, சலுகை பெற்ற வகுப்பாராகிய நாம் என்றும் எழுதவில்லை; குதிரைகளும் கால்நடைகளுமாகிய நாம் என்றா எழுதியிருக்கிறது, மக்கள் என்றுதானே இருக்கிறது என்று கேட்டார் அவர். மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து, எழுத்தைத் திருட்டுத்தனமாகக் கற்றுக்கொண்டு, 1838-இல் தப்பியோடிய மனிதர், தலைமை நீதிபதிக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுக்கும் காட்சி அது.

இதே டக்ளஸ் ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1852 ஜூலை 5 அன்று, ராசெஸ்டர் நகரின் கொரிந்தியன் மண்டபத்தில் நேரெதிராகப் பேசியிருந்தார். சுதந்திர நாள் விழாவுக்கு அழைத்தவர்களை ‘உடன்குடிமக்களே’ என்று விளித்துவிட்டு, உங்கள் தந்தையர், உங்கள் தேசம், உங்கள் விடுதலை என்று வேண்டுமென்றே முன்னிலையில் அடுக்கிக்கொண்டே போய், ‘இந்த ஜூலை நான்கு உங்களுடையது, என்னுடையது அன்று’ என்று நிறுத்தினார். கொண்டாட அழைத்தவர்கள் நீட்டிய ‘நாம்’ என்ற சொல்லை அவர் கையில் வாங்கவில்லை. 1852-இல் மறுத்ததை 1857-இல் தாமே கோரினார் என்பதில் முரண்பாடு இருப்பதாக நான் முதலில் குறிப்பெழுதி வைத்தேன். பிறகு அந்தக் குறிப்பை அடித்துவிட்டேன். விருந்தினராக ஒருநாள் உட்காரவைத்துத் தரப்படும் ‘நாம்’ ஒன்று. பத்திரத்தில் பெயர் இருக்கிறது என்று காட்டிப் பெறும் ‘நாம்’ வேறு. டக்ளஸ் முன்னதை மறுத்தார், பின்னதைக் கேட்டார். கறுப்பின அரசியலில் ஒற்றுமை என்ற சொல்லுக்கு இன்றுவரை இருக்கும் இரண்டு முகங்களும் இந்த ஐந்தாண்டு இடைவெளிக்குள் தெரிந்துவிடுகின்றன.

லிங்கனிடம் வந்தபோது மொழிபெயர்ப்புச் சிக்கலே எழவில்லை என்பதுதான் வருத்தம். 1862 ஆகஸ்ட் 14 அன்று, உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கையில், ஐந்து கறுப்பினப் பிரதிநிதிகளை அவர் வெள்ளை மாளிகைக்கு அழைத்து, அவர்கள் நாட்டைவிட்டு வேறிடத்தில் குடியேறுவது நல்லது என்று எடுத்துச் சொன்னார். ‘நீங்களும் நாங்களும் வெவ்வேறு இனத்தவர்’ என்று அவர் பேச்சு தொடங்குகிறது. உங்கள் இனம் எங்களிடையே இல்லாதிருந்தால் போரே வந்திராது என்றார். ஆகவே பிரிந்திருப்பதே இரு தரப்புக்கும் நல்லது என்றார். நாட்டின் ஒற்றுமையைக் காப்பதற்காக ஆயிரக்கணக்கானோரைப் போர்க்களத்தில் பலிகொடுத்துக்கொண்டிருந்த தலைவர் அவர். அந்த ஒற்றுமைக்குள் யார் யார் என்று அவரே ஒளிவுமறைவின்றிச் சொன்ன நாள் அது. ஆறு வாரம் ஆவதற்குள், செப்டம்பர் 22 அன்று, அடிமைகளின் விடுதலைப் பிரகடனத்தின் முன்னறிவிப்பையும் அவரே வெளியிட்டார். மனிதர் ஒரே இடத்தில் நின்றுவிடவில்லை என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் அந்த ஆகஸ்ட் உரையை மொழிபெயர்க்கும்போது ‘நாங்கள்’ என்று தயக்கமின்றி எழுத முடிந்ததை நினைத்துக்கொள்கிறேன்.

போர் முடிந்து பத்து ஆண்டுகள் கழித்து, வடக்கும் தெற்கும் சமரசம் ஆகிக்கொண்டிருந்த 1875 ஜூலையில், டக்ளஸ் வாஷிங்டனில் ஒரு கேள்வி கேட்டார். வெள்ளையர்களுக்குள் நடந்த போர் கறுப்பர்களுக்கு அமைதியும் விடுதலையும் கொண்டுவந்தது என்றால், வெள்ளையர்களுக்குள் ஏற்படும் அமைதி எதைக் கொண்டுவரும்? ஒற்றுமை குறித்து அமெரிக்காவில் கேட்கப்பட்ட கேள்விகளுள் இதைவிடக் கூர்மையான ஒன்றை நான் அறியேன். இரண்டே ஆண்டுகளில் விடை வந்தது. 1876-ஆம் ஆண்டுத் தேர்தல் தகராறு 1877-இல் தீர்த்துவைக்கப்பட்டு, ரதர்ஃபோர்ட் ஹேய்ஸ் குடியரசுத் தலைவரானார். போருக்குப் பின் தென் மாநிலங்களில் அமைந்து எஞ்சியிருந்த மறுசீரமைப்பு அரசுகளுக்குக் காவலாக நின்ற கூட்டாட்சிப் படைகள் முகாமுக்குத் திரும்பின. அடுத்த சில பத்தாண்டுகளில் கறுப்பினத்தவரின் வாக்குரிமை தெற்கில் ஏறக்குறைய துடைத்தெடுக்கப்பட்டது.

இந்த விடையின் முழு வடிவத்தைப் பார்க்க வேண்டுமென்றால் 1913-க்குப் போக வேண்டும். உள்நாட்டுப் போரில் நடந்த கெட்டிஸ்பர்க் சண்டையின் ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்கு, இரு தரப்பிலும் போரிட்ட முதியவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்தக் களத்திலேயே கூடாரங்களில் தங்கினார்கள். ஜூலை 4 அன்று அவர்கள் முன் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் பேசினார். பகைவர்களாக அல்லாமல் சகோதரர்களாகவும் போர்த்தோழர்களாகவும் ஒருவரையொருவர் மீண்டும் கண்டுகொண்டோம், நமது போர்கள் நெடுநாள் முன் முடிந்தவை, சச்சரவு மறந்துபோயிற்று, வீரத்தை மட்டும் மறக்கமாட்டோம் என்றார். சச்சரவு எதைப் பற்றியது என்பதை அவர் சொல்லவில்லை. வடக்கின் படையில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் பணியாற்றியிருந்தும், அந்த விழாவில் கறுப்பினத்தவர் பெரும்பாலும் கூடாரம் அமைக்கவும் போர்வை வழங்கவும் அமர்த்தப்பட்ட பணியாட்களாகவே இருந்தார்கள். அதே ஆண்டில்தான் வில்சனின் நிர்வாகம் கருவூலத்துறையிலும் அஞ்சல்துறையிலும் கறுப்பின ஊழியர்களைத் தனி அறைகளுக்கும் தனிக் கழிப்பறைகளுக்கும் பிரித்துக்கொண்டிருந்தது. இந்த உரையின் முதல் வரைவில் நான் ‘நாம்’ என்று எழுதியிருந்தேன், ஏனென்றால் வில்சன் அதைத்தான் நினைத்திருப்பார், எதிரில் இருந்த கிழவர்களும் அதைத்தான் கேட்டிருப்பார்கள். அவர்களுக்குப் போர்வை கொண்டுவந்து கொடுத்தவரின் காதில் அது ‘நாங்கள்’ என்றே விழுந்திருக்கும். கடைசியில் ‘நாம்’ என்றே விட்டுவிட்டு, அந்தப் போர்வையைப் பற்றி ஓர் அடிக்குறிப்பு எழுதினேன்.

வில்சனுக்கு நேராகவே இதைச் சொன்னவர் ஒருவர் உண்டு. பாஸ்டன் ‘கார்டியன்’ இதழின் ஆசிரியரான வில்லியம் மன்ரோ டிராட்டர் 1912 தேர்தலில் வில்சனை ஆதரித்தவர். 1914 நவம்பரில் குழுவொன்றுடன் வெள்ளை மாளிகைக்குச் சென்று, வெள்ளை அமெரிக்கருக்குப் புதிய விடுதலையும் ஆப்பிரிக்க அமெரிக்க உடன்குடிமக்களுக்குப் புதிய அடிமைத்தனமுமா என்று, வில்சனின் தேர்தல் முழக்கத்தையே அவரிடம் திருப்பிக் கொடுத்தார். பிரித்துவைப்பது இழிவு அன்று, உங்கள் நன்மைக்கே என்று விளக்கிய வில்சன், இந்த அமைப்பு மறுபடி வருவதாக இருந்தால் வேறொருவர் பேச வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அவருக்குப் பிடிக்காமல் போனது டிராட்டரின் தொனி. கோரிக்கையைப் பற்றிய பேச்சு தொனியைப் பற்றிய பேச்சாக மாறிப்போவதை இந்தத் துறையில் வாசிப்பவர்கள் நூறு ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

டிராட்டர் காத்திருக்க மறுத்தார் என்றால், காத்திருந்து பார்த்தவர் கறுப்பின அறிஞர் டு பாய்ஸ். 1918 ஜூலையில், முதல் உலகப் போரின்போது, ‘தி க்ரைசிஸ்’ இதழில் அவர் எழுதிய சிறு தலையங்கம், இந்தப் போர் நடக்கும் வரை நமது தனிக்குறைகளை மறந்து, வெள்ளை உடன்குடிமக்களோடு தோளோடு தோள் நிற்போம் என்று அழைத்தது. அந்த ‘நமது’ கறுப்பின வாசகர்களை மட்டுமே உளப்படுத்தியது. மறக்கச் சொல்லப்பட்டவர்கள் அவர்கள் மட்டுமே. அதற்காகத் தம் பக்கத்தாரிடமே அவர் கடும் ஏச்சு வாங்கினார். 1919 மே மாதம் வந்தபோது, ‘திரும்புகிறோம். போரிலிருந்து திரும்புகிறோம். போரிட்டுக்கொண்டே திரும்புகிறோம்’ என்று எழுதினார். அந்தக் கோடையில் நாட்டின் பல நகரங்களில் கறுப்பினத்தவர்மீது கும்பல் தாக்குதல்கள் நடந்தன. சீருடையோடு திரும்பியவர்களும் தப்பவில்லை. அடுத்த உலகப் போரில் யாரும் பழைய தவற்றைச் செய்ய விரும்பவில்லை. ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ என்ற கறுப்பின வார இதழ் 1942-இல் வெளிநாட்டில் ஒரு வெற்றி, உள்நாட்டில் ஒரு வெற்றி என்று இரட்டை வெற்றி இயக்கத்தைத் தொடங்கியது.

இடையில் ஒரு சிறு விலகல். இந்த மக்களை எச்சொல்லால் அழைப்பது என்பதும் எனக்குத் தலைவலியாக இருந்தது. ‘நீக்ரோ’ என்ற சொல்லின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக அச்சிட வேண்டும் என்று டு பாய்ஸ் பல ஆண்டுகள் போராடினார். நியூயார்க் டைம்ஸ் 1930-இல்தான் இசைந்தது. 1988-இல் கறுப்பினத் தலைவர் ஜெசி ஜாக்சன் ‘ஆப்பிரிக்க அமெரிக்கர்’ என்ற பெயரை முன்னிறுத்தினார். 2020-இல் பல இதழ்கள் ‘பிளாக்’ என்பதைப் பெரிய எழுத்தில் தொடங்க முடிவு செய்தன. தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை. நூறாண்டுப் போராட்டம் ஒன்று நம் அச்சில் தடமின்றி மறைந்துவிடுகிறது. கறுப்பா கருப்பா என்ற எழுத்துப்பிழைச் சண்டை மட்டுமே நமக்கு மிஞ்சுகிறது.

மார்ட்டின் லூதர் கிங்கின் 1963 ஆகஸ்ட் 28 உரையை நான் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டது சோம்பலால் அன்று. எல்லோருக்கும் மனப்பாடமான கனவுப் பகுதிக்கு வெகு முன்பே, காசோலையைப் பற்றி அவர் பேசுகிறார். ஒரு வகையில், காசோலை ஒன்றை மாற்றிக்கொள்ளவே நம் தேசத்தின் தலைநகருக்கு வந்திருக்கிறோம் என்கிறார். அரசியலமைப்பும் சுதந்திரப் பிரகடனமும் ஒவ்வோர் அமெரிக்கருக்கும் எழுதிக்கொடுத்த கடன்பத்திரம் என்றும், கறுப்பினக் குடிமக்களைப் பொறுத்தவரை அது ‘போதிய நிதி இல்லை’ என்ற முத்திரையுடன் திரும்பி வந்தது என்றும் சொல்கிறார். வந்திருக்கிறோம் என்றால் நாமா, நாங்களா? லிங்கன் நினைவகத்தின் படிகளுக்குக் கீழே திரண்டிருந்த இரண்டரை லட்சம் பேரை நோக்கிச் சொன்னால் ‘நாம் வந்திருக்கிறோம்’. அவர்களுக்குப் பின்னால், தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த நாட்டை நோக்கிச் சொன்னால் ‘நாங்கள் வந்திருக்கிறோம்’. ஆனால் தலைநகரோ ஐயத்துக்கிடமின்றி ‘நம் தேசத்தின்’ தலைநகர்தான். ‘நாங்கள் நம் தேசத்தின் தலைநகருக்கு வந்திருக்கிறோம்’ என்று எழுதிப் பார்த்தேன். ஒரே வாக்கியத்தில் விலகலும் சேர்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இதைவிடத் துல்லியமாக அவர் நிலையைத் தமிழில் சொல்ல முடியாது என்று தோன்றியது. கடன்காரரிடம் போய் நிற்பவர் ‘நாங்கள்’ என்றுதான் நிற்க முடியும், நிற்பதற்கான உரிமை ‘நம்’ என்பதிலிருந்துதான் வருகிறது.

பிற்காலத்தில், நிறத்தை வைத்து அன்றிக் குணத்தை வைத்து மதிக்கப்படும் நாள் வரும் என்ற அவருடைய ஒற்றை வரியை எடுத்துக்கொண்டு, நிறத்தைப் பற்றிப் பேசுவதே பிரிவினை என்று வாதிடுபவர்கள் பெருகிவிட்டார்கள். கிங் நீட்டியது நிலுவைச் சீட்டு. அவர்கள் அதைக் கடன் தீர்ந்ததற்கான ரசீது என்று வாசிக்கிறார்கள். அமெரிக்க ஒற்றுமைப் பேச்சில் நான் கண்ட பெரும்பாலான மோசடி இந்த ஓர் இடத்தில்தான் நடக்கிறது.

ஓராண்டு கழித்து, 1964 ஆகஸ்ட் 22 அன்று, அட்லாண்டிக் சிட்டியில் அந்தச் சீட்டை மிக நேரடியாக நீட்டியவர் ஃபேனி லூ ஹேமர். மிசிசிப்பியின் ரூல்வில் பகுதியில் பண்ணைக் குத்தகைத் தொழிலாளி. வாக்காளராகப் பதிவு செய்ய முயன்றதற்காக 1962-இல் வேலையையும் இருப்பிடத்தையும் ஒரே நாளில் இழந்தவர். 1963-இல் வினோனா நகரச் சிறையில் அடித்து நொறுக்கப்பட்டவர். வெள்ளையர் மட்டுமே தேர்ந்தெடுத்த மிசிசிப்பிக் குழுவுக்குப் பதிலாகத் தங்கள் சுதந்திர ஜனநாயகக் கட்சியின் பிரதிநிதிகளை அமர்த்த வேண்டும் என்று மாநாட்டின் தகுதிக் குழு முன் அவர் சாட்சி சொன்னார். இவர்களை அமர்த்தாவிட்டால் நான் அமெரிக்காவைக் கேள்வி கேட்கிறேன் என்று முடித்தார். கட்சி ஒற்றுமை குலைந்து தெற்கு முழுதும் வெளியேறிவிடும் என்று அஞ்சிய குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன், அந்த நேரத்தில் திடீரென்று செய்தியாளர்களைக் கூட்டி நேரலையைத் தம் பக்கம் இழுத்தார். ஆனால் தொலைக்காட்சிகள் அன்றிரவே ஹேமரின் சாட்சியத்தை ஒளிபரப்பிவிட்டன. பிறகு சமரசமாக இரண்டே இருக்கைகள் தருவதாகச் சொன்னார்கள். இரண்டு இருக்கைக்காக நாங்கள் இவ்வளவு தூரம் வரவில்லை, நாங்கள் எல்லோரும் களைத்துப்போயிருக்கிறோம் என்றார் ஹேமர். இந்த ‘நாங்கள்’ பற்றி எனக்கு ஒரு நொடியும் ஐயம் எழவில்லை.

இந்த வரலாற்றுக்குப் பின் தேசிய மேடைக்கு வந்த கறுப்பினத் தலைவர்களிடம், நுழைவுக் கட்டணம்போல ஒரு மறுப்புரை எதிர்பார்க்கப்பட்டது. 1972 ஜனவரியில் குடியரசுத் தலைவர் வேட்பாளராகத் தம்மை அறிவித்த ஷெர்லி சிஷோம், நான் கறுப்பு அமெரிக்காவின் வேட்பாளர் அல்லேன், கறுப்பினத்தவளாக இருப்பதில் பெருமை கொண்டவளாயினும் என்று தொடங்கி, நான் அமெரிக்க மக்களின் வேட்பாளர் என்று முடித்தார். கட்டணத்தைச் செலுத்தும்போதே, பெருமையை இடைச்செருகிச் சில்லறை கேட்டு வாங்கிக்கொண்டதுபோல எனக்குப் பட்டது. ஜெசி ஜாக்சன் வேறொரு வழி கண்டார். 1984-இல் அவர், அமெரிக்கா ஒரே துணியில் நெய்த போர்வை அன்று, பல துண்டுகளைச் சேர்த்துத் தைத்த ஒட்டுப்போர்வை என்றார். 1988-இல், போர்வை வாங்க வசதியில்லாத தம் பாட்டி, செருப்பைத் துடைக்கவும் போதாத கம்பளித் துண்டு, பட்டுத் துண்டு, சாக்குத் துண்டுகளைப் பொறுக்கித் தடித்த நூலால் தைத்ததைச் சொன்னார். தொழிலாளர்களே, உழவர்களே, பெண்களே, கறுப்பினத்தவரே, உங்கள் கோரிக்கை சரியானதுதான், ஆனால் உங்கள் துண்டு மட்டும் போதாது என்று ஒவ்வொருவரையும் பார்த்துச் சொன்னார். துண்டு இல்லை என்று அவர் சொல்லவில்லை. பாஸ்டன் உரையைவிட இந்தப் பாட்டியின் போர்வையே எனக்குப் பிடித்திருக்கிறது. குளிருக்கு எது உதவும் என்பதைத் தைத்தவர்கள் அறிந்திருக்கிறார்கள்.

ஒபாமாவின் கதையில் ரசீதுக்காரர்கள் 2008-இல் வந்து கதவைத் தட்டினார்கள். அவருடைய சிகாகோ தேவாலயத்தின் போதகர் ஜெரமையா ரைட், அமெரிக்காவைச் சபித்துப் பேசிய பழைய பிரசங்கத் துணுக்குகள் மார்ச் மாதத்தில் தொலைக்காட்சிகளில் இடைவிடாது ஓடின. கறுப்பு அமெரிக்கா இல்லை என்றவர் இருபது ஆண்டுகளாக எங்கே அமர்ந்து பிரசங்கம் கேட்டார் என்பது கேள்வியாயிற்று. மார்ச் 18 அன்று பிலடெல்ஃபியாவில் அவர் ஆற்றிய உரை, அரசியலமைப்பின் முதல் சொற்களிலேயே தொடங்கி, அந்த ஆவணத்தில் அடிமைமுறையின் கறை படிந்திருப்பதையும் கூறியது. கறுப்புச் சமூகத்தை எப்படிக் கைவிட முடியாதோ அப்படியே ரைட்டையும் கைவிட முடியாது, தெருவில் கடந்துபோகும் கறுப்பின ஆண்களைக் கண்டு அஞ்சுவதாக ஒருமுறை சொன்ன வெள்ளைக்காரப் பாட்டியையும் கைவிட முடியாது என்றார். இந்த உரையில் என் பேனா பல இடங்களில் நின்றது. நான்கு ஆண்டுகளுக்கு முன் நில்லாமல் ஓடியதைவிட இப்படி நின்றது எனக்கு நிறைவாக இருந்தது. ஆறு வாரங்களுக்குள் ரைட் மீண்டும் பொதுமேடையில் பேச, ஒபாமா அவரை முற்றாக மறுத்துவிட்டு, மே மாத இறுதியில் அந்தத் தேவாலயத்தை விட்டே விலகினார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறிக்க வழியிருந்தும் அவர் கறுப்பினம் என்ற ஒரே கட்டத்தைத்தான் குறித்தார். கணக்கெடுப்புத் தாளுக்கு முன்னால் கைதட்டல் கிடையாது. மனிதர்கள் அங்கே நேராகப் பதில் சொல்லிவிடுகிறார்கள்.

அவர் பதவியில் இருந்தபோதே, 17 வயதுக் கறுப்பின இளைஞர் ட்ரேவான் மார்ட்டினைச் சுட்டவர் விடுவிக்கப்பட்ட 2013 ஜூலைக்குப் பின், ‘பிளாக் லைவ்ஸ் மேட்டர்’ என்ற மூன்று சொற்கள் எழுந்தன. இங்கே எனக்கு உதவியது ஓர் இடைச்சொல். ‘கறுப்பு உயிர்களும் முக்கியம்’ என்று உம்மை சேர்த்துத்தான் தமிழில் எழுத முடியும். அதைச் சொன்னவர்களின் கருத்து அதுவே. எதிர்த்தவர்கள் அதே வாக்கியத்தில் ஏகாரத்தைக் கேட்டார்கள், ‘கறுப்பு உயிர்களே முக்கியம்’ என்று. பின்னர், எல்லா உயிர்களும் முக்கியம் என்று ஒற்றுமையின் பெயரால் மறுமொழி கூறினார்கள். ஆங்கில வாக்கியத்தில் உம்மையும் இல்லை, ஏகாரமும் இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் அச்சத்துக்கு ஏற்ற இடைச்சொல்லை அதில் பொருத்திக்கொண்டார்கள்.

தமிழர்கள் இந்தக் கதைக்குள் வரும் இடம் ஒன்று உண்டு, அதையும் தவிர்க்க முடியவில்லை. 2020 ஆகஸ்டில் துணைக் குடியரசுத் தலைவர் வேட்பாளர் பதவியை ஏற்றுப் பேசிய கமலா ஹாரிஸ், தம் குடும்பத்தாரைப் பட்டியலிடும்போது ‘சித்திகள்’ என்ற சொல்லை விளக்கமின்றிச் சொல்லிவிட்டுக் கடந்தார். திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் அதைக் கொண்டாடியது. ‘நம்ம ஊர்ப் பொண்ணு’ என்ற பதாகைகள் நம் எல்லோருடைய கைப்பேசிகளிலும் வந்தன. ஆனால் அவருடைய தாய் சியாமளா கோபாலன், தாம் குடியேறிய நாடு தம் மகள்களைக் கறுப்பினச் சிறுமிகளாகவே பார்க்கும் என்று அறிந்து, தன்னம்பிக்கையும் பெருமிதமும் கொண்ட கறுப்பினப் பெண்களாக வளர்க்க உறுதிபூண்டிருந்தார் என்று ஹாரிஸ் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். நம்முடைய ‘நம்ம’ அந்தத் தாயின் முடிவைக் கேட்டுக்கொள்ளவில்லை. 2024 ஜூலை 31 அன்று சிகாகோவில், கறுப்பினச் செய்தியாளர்களின் மாநாட்டிலேயே, அவர் முன்பு இந்தியர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார், சில ஆண்டுகளுக்கு முன் திடீரென்று கறுப்பினத்தவராக மாறினார் என்று டிரம்ப் சொன்னபோது, அதில் ஒலித்த பகைமை வேறாயினும், ஒருவருக்கு ஒரே ‘நாங்கள்’தான் இருக்க முடியும் என்ற கணக்கு நம் பதாகைகளிலும் இருந்ததை நினைத்துச் சங்கடப்பட்டேன். ஹாரிஸ் ஒரு பேட்டியில் அதைப் பழைய, சலித்துப்போன உத்தி என்று தள்ளி, அடுத்த கேள்விக்குப் போகச் சொல்லிவிட்டார். விளக்கினால் மறுபடியும் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

தொகுப்பின் கடைசி உரையாக பார்பரா ஜோர்டனை வைத்திருந்தோம். தென் மாநிலங்களிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண். டெக்சாஸின் ஹூஸ்டனைச் சேர்ந்தவர். குடியரசுத் தலைவர் நிக்சன்மீதான பதவிநீக்க விசாரணையின்போது, 1974 ஜூலை 25 இரவு, நீதித்துறைக் குழுவில் தம் முறை வந்ததும், அரசியலமைப்பின் முதல் மூன்று சொற்களைச் சொல்லி, மிக அழகான தொடக்கம் என்றார். ஆனால் 1787 செப்டம்பர் 17 அன்று அந்த ஆவணம் முடிக்கப்பட்டபோது அந்தச் சொற்களில் நான் சேர்க்கப்படவில்லை, ஜார்ஜ் வாஷிங்டனும் அலெக்சாண்டர் ஹாமில்டனும் ஏதோ தவறுதலாக என்னை விட்டுவிட்டார்கள் என்று பல ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தேன் என்றார். திருத்தங்களாலும் விளக்கங்களாலும் நீதிமன்றத் தீர்ப்புகளாலும் கடைசியில் அச்சொற்களுக்குள் வந்து சேர்ந்தேன் என்றும், அரசியலமைப்பின்மீது என் நம்பிக்கை முழுமையானது, அதன் அழிவை வேடிக்கை பார்த்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கப்போவதில்லை என்றும் சொன்னார். டக்ளஸ் எழுத்திலேயே இருக்கிறது என்றார். ஜோர்டன் அன்று இல்லை, நூற்றெண்பது ஆண்டுகளில் எழுதிச் சேர்க்கப்பட்டது என்கிறார். இரண்டாவதே எனக்கு நம்பத்தகுந்ததாக இருக்கிறது, அது பெருமையைச் சட்டம் எழுதியவர்களிடமிருந்து எடுத்து, திருத்த வைத்தவர்களிடம் கொடுப்பதால். இரண்டு ஆண்டுகள் கழித்து நியூயார்க் மாநாட்டில், நாடு ஒன்றாக இல்லாமல் தன்னலக் குழுக்களின் கூட்டமாகச் சிதறிவிடக்கூடும் என்று இவரே எச்சரித்தார். வேறு பலர் வாயிலிருந்து வந்திருந்தால் அந்த எச்சரிக்கையை வில்சனின் பக்கத்தில் வைத்திருப்பேன். உள்ளே வந்த வழியை இவ்வளவு தெளிவாகச் சொன்னவரிடமிருந்து வந்ததால் வைக்கவில்லை.

அந்தப் பத்தியை மொழிபெயர்த்தபோது, தொடக்கத்தில் வரும் மூன்று சொற்களை ‘மக்களாகிய நாங்கள்’ என்றும், இறுதியில் வரும் அதே மூன்று சொற்களை ‘மக்களாகிய நாம்’ என்றும் எழுதினேன். மெய்ப்புத் திருத்தியவர் கவனமானவர். முதலில் உள்ளதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, மூலத்தில் இரண்டும் ஒரே சொல்தானே, தமிழிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டாமா என்று ஓரத்தில் எழுதி அனுப்பியிருந்தார். வட்டத்துக்குக் கீழே புள்ளிகள் இட்டு, ‘இருக்கட்டும்’ என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.